வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமா?

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் பழமொழி. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது மற்றொன்று. முன்னது திறமையுடையானைப் பாராட்டுகிறது. பின்னது திறமையில்லாதாளை எள்ளி நகையாடுகிறது. இரண்டும் சேர்ந்து நமக்குக் கற்பிப்பது ஒன்றே: வெற்றிக்குக் காரணம் ஆளே; கருவியன்று. இக்கருத்தை இளம்பருவம் முதலே கேட்டு வளர்ந்துவிட்டமையால், அது முழு உண்மைதானா என்று நின்று வினவும் எண்ணம் நமக்கு எளிதில் எழுவதில்லை. இப்பழமொழிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, விரித்தெழுதுமாறு மாணவரைப் பணிக்கும் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் வினவிப் பார்ப்பதில் தவறில்லை எனக் கருதுகிறேன்.

முதலில் அந்தப் புல்லையே எடுத்துக்கொள்வோம். புல்லை ஆயுதமாக எய்தவன் யார்? இராமகாதையில் காகாசுரன்மீது இராமன் ஏவியது ஒரு புல் என்பது நாம் அறிந்த கதை. ஆனால், அப்புல் வெறும் புல்லன்று. பிரம்மாத்திர மந்திரம் ஏற்றப்பெற்ற புல். அம்மந்திரமோ தக்க ஆசானிடம் அரசகுமாரன் ஒருவன் முறையாகப் பெற்றது. காட்டுப் புல்லைக் கிள்ளி எறிந்து காக்கையைத் துரத்த விரும்பும் ஏழைச் சிறுவனுக்கு அப்பழமொழி என்ன ஆறுதல் தரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

நம் முன்னோர் அனைவரும் ஒரே குரலில் கருவியைப் புறக்கணித்தனர் என்று கொள்வதற்கும் இடமில்லை. ஒரு வினையில் இறங்குவான் ஐயமற எண்ணிப் பார்க்கவேண்டியவை ஐந்து என வகுத்த திருவள்ளுவர், செல்வம், காலம், இடம் முதலியவற்றோடு கருவிக்கும் ஓரிடம் தந்துள்ளார். கருவி இருந்தால் போதும் என்றும் அவர் சொல்லவில்லை. இல்லாவிட்டாலும் குற்றமில்லை என்றும் சொல்லவில்லை. ஐந்தில் ஒன்றாக வைத்தார், அவ்வளவே.

ஔவையார் இதனை வேறொரு கோணத்திலிருந்து காட்டுகிறார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவருக்கு, அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்துடன் திறந்து காட்டினான். அங்கே வேல்கள் நெய் பூசப்பெற்று, பீலி அணிந்து, மாலை சூடி மின்னின. அவற்றைப் புகழ்வதுபோலப் புகழ்ந்த ஔவையார், தம் தலைவனின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றாராம். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. கருவி பளபளப்பது அதன் சிறப்பால் அன்று, பயன்படாமையால் என்ற குத்தல் அதனுள் இருக்கிறது. ஆனால், ஒன்றை மறந்துவிடலாகாது. அதியமானிடமும் வேல் இருந்தது. பழுதுபட்டால் செப்பனிட்டுத் தரக் கொல்லனும் இருந்தான். ஔவையார் ஒப்பிட்டது கருவியுடையானையும் கருவியற்றானையும் அன்று. கருவியை வைத்திருப்பானையும் கருவியோடு பழகியவனையும் ஆகும். பழக்கம் என்னும் இச்சொல்லை வாசகர் மனத்திற்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இவ்வளவு பழைய வினாவை இன்று எழுப்பக் காரணம் மிகப் புதிய ஓர் ஆட்டம். பெயின்ட்பால் எனப்படும் வண்ணக்குண்டு ஆட்டத்தை இந்நகரத்து இளைஞர் சிலர் விடுமுறை நாள்களில் ஆடிவருகின்றனர். சாயம் நிரப்பிய மெல்லிய உருண்டைகளைக் காற்றழுத்தத்தால் செலுத்தும் துப்பாக்கியை ஏந்தி, தடுப்புகளுக்குப் பின்னே பதுங்கி, எதிரணியார்மீது சாயம் தெறிக்கச் செய்வதே ஆட்டம். தோற்றவர்கள் துப்பாக்கியைக் குறைகூறுவார்கள். வென்றவர்கள் தங்கள் திறத்தைப் பேசுவார்கள். என் பழைய மாணவர் இருவர் சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றில் இதுபற்றி என் முன்னிலையில் வழக்காடி, தீர்ப்பு கேட்டனர். சிங்கப்பூரின் சட்டம் இத்துப்பாக்கியைத் தனியார் விருப்பம்போல் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள இடந்தருவதில்லை. களத்தார் தருவதையே எவரும் ஏந்தவேண்டியுள்ளது. ஆகவே, இங்கு அவ்வழக்குக்குப் பெரிதும் இடமில்லை என்று சொல்லி அன்று தப்பித்துக்கொண்டேன். வினா மட்டும் என்னைவிட்டு அகலவில்லை.

அந்த ஆட்டம் பிறந்ததே இவ்வினாவிலிருந்து என்பதைப் பின்னர்ப் படித்து வியந்தேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் காட்டில் 1981ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் பன்னிருவர் கூடி முதல் ஆட்டத்தை ஆடினர். நகரத்தில் வணிகம் செய்து பிழைக்கத் தெரிந்தவன் காட்டிலும் பிழைப்பானா, அன்றிக் காட்டிலேயே திரிந்தவன்தான் வெல்வானா என்று நண்பர்களிடையே எழுந்த வாக்குவாதமே அதற்கு வித்து. மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளச் சாயமிட உதவிய துப்பாக்கியை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டனர். எல்லாரும் ஏந்தியது ஒரே கருவி. வென்றவர் ரிச்சி வைட் என்னும் வனத்துறைத் தொழிலர். அவர் கொடிகளையெல்லாம் கைப்பற்றி வெளிவந்தபோது, ஒரு முறைகூடச் சுட்டிருக்கவில்லை!

திறமைக் கட்சியார் இதைக் கேட்டுக் கைதட்டுவர். தட்டட்டும். ஆனால், கருவி ஒன்றாக இருந்தமையால்தான் திறமை வெளிப்பட்டது என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். பதினொருவர் கையிலும் விரைந்து சுடும் துப்பாக்கி இருந்து, வைட்டின் கையில் மட்டும் ஒன்றுமில்லாதிருப்பின், முடிவு அதுவாகவே இருந்திருக்குமா என்பதை எவர் சொல்ல முடியும்? மேலும், அவருக்குக் காடே கருவியாக இருந்தது. சருகு நொறுங்காமல் அடிவைக்கும் பழக்கத்தை அவர் அன்று காலையில் பெறவில்லை. ஆண்டுக்கணக்கில் அத்தொழிலில் பெற்றார். நகரத்தானுக்கு அக்காடு எட்டாப் பொருள். ஒருவனுக்குக் கிட்டி மற்றவனுக்குக் கிட்டாத பயிற்சிக்களத்தைத் திறமை என்று சொல்வதா, கருவி என்று சொல்வதா? இக்கேள்விதான் இக்கட்டுரையின் முள்.

திறமைக் கட்சியார் வழக்கமாக முன்னிறுத்தும் சாட்சி எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா. 1960இல் உரோம் நகர ஒலிம்பிக்கில் நெடுந்தொலைவோட்டத்தை வெறுங்காலால் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்று தங்கம் பெற்றார். "பார்த்தீரா, காலணிகூட இல்லை!" என்பர். அதே பிக்கிலா நான்கு ஆண்டுகளுக்குப் பின் தோக்கியோவில் காலணி அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் வென்றார் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். உரோமில் அவர் காலணியைத் துறந்தது துறவு மனப்பான்மையால் அன்று. அங்குக் கிடைத்த காலணி அவர் காலுக்குப் பொருந்தவில்லை, வெறுங்காலால் ஓடிப் பழகியுமிருந்தார். பொருந்தாத கருவியைவிடக் கருவியின்மை மேல் என்பதற்கு அது சான்றாகலாம். கருவி வேண்டா என்பதற்கு ஆகாது.

அயல்நாட்டுக் கதைகள் இருக்கட்டும். நம் கண்ணெதிரே இருக்கும் சான்றுக்கு வருவோம். ரேஸ்கோர்ஸ் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலைக் கடந்து செல்லும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் கனகசபை குணாளன். 1942இல் பிறந்த இவர் ஆசிரியர். காற்பந்தில் ஈடுபட்டிருந்தவரைப் பயிற்றுநர் டான் எங் யூன் விரைவோட்டத்துக்குத் திருப்பியபோது இருபது வயதைக் கடந்திருந்தார். இன்றைய பெற்றோர் கேட்டால், "அவ்வளவு காலங்கடந்தா?" என்று கவலைப்படுவர். 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுகளின் 100 மீட்டர் ஓட்டத்தில் மலேசியாவின் மணி ஜெகதீசன் முதலாவதாகவும் குணாளன் இரண்டாவதாகவும் வந்தனர். இரு நாட்டுக்காகவும் ஓடிய இருவரும் தமிழர் என்பதில் நம் தாத்தாக்கள் கொண்ட மகிழ்ச்சி சிறிதன்று. ஈராண்டு கழித்து மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை 33 ஆண்டுகள் நிலைத்தது. 2001இல் யு. கே. ஷ்யாம் 10.37 விநாடியில் ஓடி அதனை முறியடித்தார். விநாடியில் நூற்றிலொரு பங்கு வேறுபாடு! அந்தச் சாதனையும் 2023இல் வீழ்ந்தது.

இதுவரை சொன்னது திறமைக் கட்சிக்குச் சாதகமாகவே தோன்றும். புல்லிலும் மண்ணிலும் ஓடிப் பழகிய ஓர் ஆசிரியரை, செயற்கைத் தளங்களும் நவீனக் காலணிகளும் பெற்ற மூன்று தலைமுறை இளைஞரால் தாண்ட இயலவில்லையே! ஆனால், கதையின் மறுபாதியையும் கேட்கவேண்டும். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி நம்மூரைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விரைந்தோடுவோனைத் தடுக்கும் காற்றின் விசையும் அந்த அளவுக்குக் குறைகிறது. போதாக்குறைக்கு, ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாகச் செயற்கைத் தளம் இடப்பட்ட ஓடுதடமும் அதுவே. மண் காலின் விசையை விழுங்கும். செயற்கைத் தளம் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். அமெரிக்கரான ஜிம் ஹைன்ஸ் 9.95 விநாடியில் ஓடியதும், பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டி உலகை வாயடைக்கச் செய்ததும் அந்த இடத்தில்தான். அதே ஓடுதடத்தில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அது மலேசியாவின் தேசிய சாதனையாக 49 ஆண்டுகள், 2017 வரை நீடித்தது. அண்டை நாடுகள் இரண்டின் நெடுநாள் சாதனைகள் ஒரே ஊரில், ஒரே தடத்தில், ஒரே மாதத்தில் பிறந்தன என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

அப்படியானால் குணாளனின் பெருமை குறைகிறதா? அணுவளவும் இல்லை. அத்தடம் அனைவருக்கும் பொது. அங்கு வந்தவர் பலர். தம் நாட்டின் சாதனையை ஒரு தலைமுறைக் காலம் காத்தவர் சிலரே. தடம் ஓடவில்லை, ஓடியவர் அவர். ஆயினும், விமானச் சீட்டு கிடைக்காமல் அந்த அக்டோபரில் அவர் சிங்கப்பூரிலேயே இருந்திருப்பாராயின், அதே கால்கள், அதே உழைப்பு, அதே உறுதி, எல்லாம் இருந்தும் 10.38 என்னும் எண் நம் ஏடுகளில் பதிந்திராது. திறமையில் ஒரு குறைவும் இல்லாமலே அவர் சற்றுக் குறைந்த ஓட்டக்காரராக நினைக்கப்பட்டிருப்பார். 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிங்கப்பூரின் சிறந்த விளையாட்டு வீரர் விருது பெற்ற மனிதரைப் பற்றி இவ்வாறு எழுதுவது அவரைக் குறைப்பதற்கன்று. அத்தகைய வாய்ப்புக் கிட்டாமையால் பெயரின்றி மறைந்தவர் எத்தனை பேரோ என்ற எண்ணம் உறுத்துவதால் எழுதுகிறேன்.

ஹாக்கி ஆட்டத்தில் இன்னும் கசப்பான செய்தி ஒன்றுண்டு. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நம் சிறு தீவும் ஓர் அணியை அனுப்பியிருந்தது. அக்காலத்தில் இந்தியர்கள் புல்தரையில் பந்தைக் கோலோடு ஒட்டவைத்தாற்போல் நடத்திச் செல்வர் என்று பேர்பெற்றிருந்தனர். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணத்தை இந்தியா வென்றது. மறு ஆண்டே மோன்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை விரிக்கப்பட்டது. இந்தியா ஏழாமிடத்துக்கு இறங்கிற்று. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால், ஒரே ஆண்டில் அத்தனை பேரின் கைகளும் திறனிழந்துவிட்டன என்று நம்புவது கடினம். தரை மாறியபோது எது திறமை என்பதே மாறிவிட்டது. புல்லின் மேடுபள்ளத்தில் பந்தை அடக்கும் நுட்பத்தின் விலை இறங்கிற்று. சமதளத்தில் நெடுநேரம் விரைந்தோடும் வலிமையின் விலை ஏறிற்று. புதிய தரையை விரிக்கப் பணமிருந்த நாடுகளின் பிள்ளைகள் அதன்மேல் வளர்ந்தனர். தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் இந்தியா மீண்டும் தங்கம் வென்றது உண்மையே. பல வலிய அணிகள் அப்போட்டியைப் புறக்கணித்திருந்தன என்பதும் உண்மையே.

ஆகவே, கருவியா திறமையா என்ற வினா, தண்டவாளமா இரயில்வண்டியா என்று கேட்பதைப் போன்றதாகிவிடுகிறது. கருவி தன் முழு வேலையையும் போட்டி நாளன்று செய்வதில்லை. அதற்கு முன்பு, எவரும் பாராத ஆண்டுகளில், கைக்கும் காலுக்கும் பாடம் சொல்லித்தருவதிலேயே அது பெரும்பகுதி வேலையை முடித்துவிடுகிறது. அதன் பிறகு நாம் அதனைக் கருவி என்று அழைப்பதில்லை. திறமை என்ற பெயர் சூட்டி, அவனுக்குரியதாகவே எழுதிவிடுகிறோம்.

இதற்கு ஜோசஃப் ஸ்கூலிங்கின் வெற்றியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. 2008ஆம் ஆண்டு நீச்சல் உலகில் ஒரு புதுவகை உடை புகுந்தது. உடலை இறுக்கி, நீரின் உராய்வைக் குறைத்து, மிதப்பையும் கூட்டும் உடைகள் அடுத்தடுத்து வந்தன. 2009இல் உரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் மட்டும் 43 உலகச் சாதனைகள் முறிந்தன. பார்த்தவர்க்கு மகிழ்ச்சி வரவில்லை, ஐயமே வந்தது. 2010 சனவரி முதல் அவ்வுடைகள் தடைசெய்யப்பட்டன. இனி, ரியோவுக்கு வருவோம். 2016 ஆகஸ்ட் 12ஆம் நாள் நம் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி நீச்சலில் 50.39 விநாடியில் முதலாவதாக வந்து, சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தந்தார். மைக்கல் ஃபெல்ப்ஸ் உள்ளிட்ட மூவர் 51.14 விநாடியில் ஒருங்கே இரண்டாமிடம் பெற்றனர். அன்று அவர் முறியடித்த ஒலிம்பிக் சாதனை, 2008இல் பெய்ச்சிங்கில் ஃபெல்ப்ஸ் அந்தப் புதுவகை உடையணிந்து நிகழ்த்திய 50.58. சாதாரணத் துணியுடையில் நம் இளைஞர் அதனைத் தாண்டினார்! அதே சமயம், 2009இல் அவ்வகை உடையில் ஃபெல்ப்ஸ் நிகழ்த்திய 49.82 என்னும் உலகச் சாதனை அன்றும் எட்டாத் தொலைவிலேயே இருந்தது.

உடை சமமாயிற்று, சரி. ஸ்கூலிங் பதினான்கு வயதில் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கும் பின்னர் டெக்சஸ் பல்கலைக்கழகத்திலும் தேர்ந்த பயிற்றுநரிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றார். ஒரே மகனைப் பிரிந்து, பொருளையும் செலவிட்ட அவர்தம் பெற்றோரின் தியாகம் போற்றத்தக்கது. ஆயினும், அதே மனமிருந்தும் பொருளில்லாத பெற்றோர் நம் அடுக்குமாடிகளில் எத்தனை பேர்! விளையாட்டு அமைப்பு உடையை அளந்து தடைசெய்ய இயலும். பெற்றோரின் வருவாயை அளக்க இயலாது. 2020இல் ஓட்டக் காலணிகளுக்கும் இப்படியொரு விதி வந்தது: சாலையோட்டக் காலணியின் அடிப்பகுதி 40 மில்லிமீட்டர் தடிப்புக்கு மேற்படலாகாது, உள்ளே விறைப்பான தகடு ஒன்றுக்குமேல் கூடாது என்று. எந்தச் சாதகத்தை ஒப்புக்கொள்வது, எதனை விலக்குவது என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. கூடி அமர்ந்து மனிதர் தீர்மானிக்கின்றனர். அந்த மட்டில் எல்லா ஆட்டமும் ஓர் ஒப்பந்தமே. ரேஸ்கோர்ஸ் சாலைக்கு அப்பெயர் வரக் காரணமான குதிரைப் பந்தயம் 1843 முதல் 1933 வரை அங்குதான் நடந்தது. குதிரைப் பந்தயக்காரர்கள் இந்த உண்மையை நம்மைவிட முன்னரே உணர்ந்தவர்கள். வலிய குதிரையின் முதுகில் கூடுதல் எடையேற்றி ஓடவிடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. சூதாட்டத்தை நான் ஆதரிப்பவன் அல்லேன். ஆனால், சமவாய்ப்பைப் பற்றிச் சூதாடிகள் காட்டிய அக்கறையைச் சான்றோரும் சில வேளைகளில் காட்டலாம்.

இவை யாவும் ஏட்டளவில் எளியவை. பள்ளித் திடலில் நின்று முடிவெடுக்கும்போது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. நான் பொறுப்பேற்றிருந்த பள்ளியொன்றின் விளையாட்டு நாளில், 100 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்கு வந்த எண்மருள் மூவர் ஸ்பைக்ஸ் என்னும் ஆணி பதித்த காலணியோடு வந்திருந்தனர். மற்ற ஐவர் வெள்ளைக் கேன்வாஸ் பள்ளிக் காலணியோடு. ஆசிரியர் இரு பிரிவாயினர். எல்லாரும் பள்ளிக் காலணியே அணியவேண்டும் என்று நான் பணித்தேன். அதில் எனக்கு ஐயமில்லை. ஓட்டம் முடிந்தபின் அம்மூவருள் ஒருவனின் தந்தை என் அறைக்கு வந்தார். துறைமுகத்தில் வேலை செய்பவர். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஐயா, என் மகன் முதலிடம் வந்துவிட்டான், அதனால் முறையிட வரவில்லை. ஆனால், அந்தக் காலணிக்காக நான் மூன்று மாதம் கூடுதல் நேரம் உழைத்தேன். அவன் அதை அணிந்துதான் ஓட்டமே கற்றான். அதைக் கழற்றச் சொன்னபோது, அவன் கற்றதில் பாதியையும் சேர்த்துக் கழற்றச் சொல்லிவிட்டீர்கள். வசதியுள்ளவன் பிள்ளை என்றா நினைத்தீர்கள்?"

ஏகலைவனிடம் துரோணர் கேட்டது வில்லையன்று, கட்டைவிரலை. வில்லைப் பறித்தால் வேறு வில் செய்துகொள்வான் என்பது அவ்வாசானுக்குத் தெரியும். அத்தந்தை பேசியபோது இக்கதை என் நினைவில் ஓடிற்று. அக்காலணி அவர் மகனுக்குக் கருவியாக இருந்த கட்டத்தைக் கடந்து உறுப்பாகிக்கொண்டிருந்தது. அதே வேளையில், மற்ற ஐவர்க்கும் அவ்வுறுப்பு முளைக்கவே வழியில்லாமலிருந்தது. இரு பக்கமும் நியாயம் இருந்தது. நான் பணித்ததும் அந்நாளுக்கு ஏற்றதே. ஆனால், விளையாட்டு நாளுக்கு எட்டு வாரம் முன்னரே தீர்த்திருக்கக்கூடிய கணக்கு அது.

மறு ஆண்டு பெற்றோர் குழுவின் உதவியோடு பல அளவுகளில் இருபது இணை ஆணிக் காலணிகளை வாங்கிப் பள்ளி விளையாட்டுச் சாமான் அறையில் வைத்தோம். எட்டு வாரம் எவரும் எடுத்து அணிந்து பழகலாம். பிறர் அணிந்த காலணியா என்று முகஞ்சுளித்த தாய்மாரும் இருந்தனர். அதற்கென்று காலுறையும் தூளும் வாங்கவேண்டியதாயிற்று. இறுதிச் சுற்றில் அதே மாணவன்தான் முதலிடம் பெற்றான். ஆனால், இரண்டாமிடத்திலிருந்து ஏழாமிடம் வரை முந்திய ஆண்டின் வரிசை முற்றிலும் குலைந்துபோயிற்று. முந்திய ஆண்டு கடைசியாக வந்தவன் மூன்றாவதாக வந்தான். முதலிடத்தைப் பார்ப்பவர் திறமையே வென்றது என்பர். மூன்றாமிடத்தைப் பார்ப்பவர் காலணி வென்றது என்பர். நாம் பெரும்பாலும் முதலிடத்தை மட்டுமே பார்க்கிறோம். பழமொழிகளும் முதலிடத்தை மட்டுமே பார்த்து எழுந்தவை போலும்.

ஓட்டத்தில் தோற்ற பிள்ளை மாலைக்குள் மறந்துவிடும். தேர்வில் தோற்ற பிள்ளைக்கு அப்படியன்று. அங்கும் மேசை, விளக்கு, அமைதியான மூலை, துணைப்பாட ஆசிரியர், கணினி என்று கருவிகள் உண்டு. அங்கும் நாம் அவற்றின் பயனைத் திறமை என்ற பெயரிலேயே பதிகிறோம். 2020 ஏப்ரலில் கிருமிப் பரவலால் பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்க நேர்ந்தபோது இது எல்லார் கண்ணுக்கும் வெளிச்சமாயிற்று. ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய வீடும் இருந்தது. பிள்ளைக்கொரு அறையும் அறைக்கொரு கணினியும் இருந்த வீடும் இருந்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில், உயர்நிலை மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கற்றல் சாதனம் 2028க்குள் என்றிருந்த திட்டம், 2021 இறுதிக்குள் என்று முன்தள்ளப்பட்டது. நல்ல செயல். இனி எல்லாரிடமும் கணினி உண்டு. அதைத் திறந்துவைத்து அமர ஒரு மூலையும், திறந்ததும் எதைப் படிப்பது என்று காட்ட ஒரு பெரியவரும் எல்லா வீட்டிலும் உண்டா என்பது வேறு வினா.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கவேண்டா. எல்லாக் கருவியும் குவிந்திருந்தும் கற்காத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொண்டைமானின் கொட்டிலைப்போல் அவர்களுடைய புத்தக அலமாரி பளபளக்கும். பெற்றோர் மேலும் ஒரு துணைப்பாட வகுப்பைத் தேடி ஓடுவர். கருவியின்மை தோல்விக்குக் காரணமாகலாம் என்பதால், கருவியே வெற்றிக்குக் காரணமாகிவிடாது. கடைக்காரர் அப்படித்தான் சொல்வார். சொல்லித்தானே அவர் பிழைக்கவேண்டும்.

எங்கள் பள்ளியில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறேன். மதிப்பெண் அறிக்கையில் "முயற்சி போதாது" என்று எழுதவிரும்பும் ஆசிரியர், அம்மாணவன் வீட்டில் எங்கே அமர்ந்து, எந்நேரத்தில், யாருடைய ஓசைக்கு நடுவே படிக்கிறான் என்பதை முதலில் கேட்டறிந்துவரவேண்டும். வேலைச்சுமை போதாதென்று இதுவுமா என்று ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு எழாமலில்லை. சென்ற ஆண்டு இளைய ஆசிரியை ஒருவர் இரு மாணவரைப் பற்றி அவ்வாறு கேட்டறிந்துவந்தார். முதலாமவன் சமையலறைத் தரையில், இரவு பதினொரு மணிக்குமேல், தங்கை உறங்கிய பிறகு படிக்கிறான். அவனுடைய அறிக்கையில் அவ்விரு சொற்களை அவர் எழுதவில்லை. பள்ளி நூலகத்தில் மாலை ஆறு மணி வரை அவனுக்கு ஓரிடம் கேட்டு வந்தார். இரண்டாமவனுக்குத் தனியறை, இரண்டு மேசை, குளிர்சாதனம், வீட்டுக்கே வரும் ஆசிரியர், எல்லாம் இருந்தன. அவனுடைய அறிக்கையில் "முயற்சி போதாது" என்று எழுதி, தாளின் மறுபக்கமும் தெரியும்படி அழுத்திக் கோடிட்டிருந்தார்.